கிளிக்கு ரிப்பன் பழகிப்போனால் என்ன செய்வது?

கேள்வி: ஒரு ஏக்கரில் சோளம். விதைத்த கையோடு பளபளப்பு ரிப்பன் கட்டி, நாய் குரைக்கும் சத்தத்தையும் ஸ்பீக்கரில் ஓடவிட்டேன். இப்போது கதிர் பால் பிடிக்கிறது. ரிப்பன் கட்டிய கம்பிலேயே கிளி உட்காருகிறது. வேறு ரிப்பன் வாங்கலாமா?

பதில்: ரிப்பனில் குறையில்லை, கட்டிய நேரம்தான் தப்பு. கெடுதல் எதுவும் பின்னால் வராத சத்தத்தையும் மினுக்கலையும் பறவைகள் சீக்கிரமே சட்டை செய்யாமல் விட்டுவிடும். எல்லாவற்றுக்கும் மிரண்டு பறந்தால் இரை தின்பது எப்போது? அடிக்கடி, ஒரே இடைவெளியில் வரும் சத்தம் இன்னும் வேகமாகப் பழகும்.

உங்கள் வயலில் இதற்கு மேலும் ஒன்று நடந்திருக்கிறது. 1959-ல் லுபோ, மூர் என்ற ஆய்வாளர்கள் செம்மறிகளுக்கும் வெள்ளாடுகளுக்கும் ஒரு மினுக்கலைப் பலமுறை வெறுமனே காட்டிவிட்டு, பிறகு ஷாக்கோடு சேர்த்துக் காட்டினார்கள். புதிதாகப் பார்த்ததைவிட, ஏற்கெனவே பார்த்துச் சலித்ததை ஆபத்தின் அறிகுறியாகக் கற்க ஆடுகளுக்கு அதிக நேரம் பிடித்தது. தின்ன ஒன்றுமில்லாத வயலில் வாரக்கணக்கில் ரிப்பன் ஆடினால் கிளிக்கும் இதே கதைதான்.

இன்றே எல்லாவற்றையும் கழற்றுங்கள். நாலைந்து நாள் கண்ணில் படாவிட்டால் பயம் ஓரளவு திரும்பும். ஆனால் அடுத்த முறை இன்னும் சீக்கிரம் போய்விடும். அந்த இடைவெளியில் காலையும் மாலையும் ஆள் காவல்தான், வேறு வழியில்லை. பிறகு அரை அங்குல அகல ரிப்பனை இரண்டு மூன்று முறுக்கு விட்டு, கதிருக்கு அரை மீட்டர் மேலே, வரிசைக்கு வரிசை 3 முதல் 5 மீட்டர் விட்டுக் கட்டுங்கள். விறைப்பாக இழுத்தால் காற்றில் அதிராது. தொய்ந்தால் கதிரில் சிக்கி அறும். இரண்டு மூன்று நாளுக்கொரு முறை இடம் மாற்றுங்கள்.

ஸ்பீக்கரை கிளி இறங்கும் வேளையில் மட்டும், நேரம் தப்பித் தப்பிப் போடுங்கள். சில தடவை சத்தம் வந்ததுமே ஒருவர் நிஜ நாயோடு வரப்பில் வர வேண்டும். இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் அரைகுறைதான். தினைப்புனம் காத்த சங்ககாலப் பெண்கள்கூட தழல், தட்டை, குளிர் என்று கிளி விரட்டும் கருவிகளை மாற்றி மாற்றித்தான் எடுத்தார்கள். நேரில் நின்றும் விரட்டினார்கள்.

விஷம், கண்ணி வேண்டாம். கிளி சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவை. அறுவடை முடிந்த அன்றே ரிப்பனைச் சுருட்டி உள்ளே வையுங்கள். அடுத்த போகத்தில் பால் பிடிக்கும் வரை அது வெளியே வரக் கூடாது.