ஆண் குழந்தையின் வயிற்றில் கர்ப்பப்பை: அவசரப்பட்டு அகற்றச் சொல்லாதீர்கள்

கேள்வி: மகனுக்கு ஒன்றரை வயது. இரண்டு விரையும் இறங்கவில்லை, இடப்பக்கம் குடலிறக்கமும் உண்டு. ஆபரேஷனில் சின்னக் கர்ப்பப்பை மாதிரி தெரிந்ததாம். பயாப்ஸிக்கு மட்டும் எடுத்துவிட்டுத் தைத்துவிட்டார்கள். நான் தாய்மாமனைக் கட்டியவள். குழந்தை ஆண்தானா? அதை எடுத்துவிட வேண்டாமா? (ஒரு தாய், குடியாத்தம்)

பதில்: ஆணுறுப்பு இயல்பாக இருந்து, குரோமோசோம் பரிசோதனையில் 46 எக்ஸ்ஒய் (ஆணுக்குரிய அமைப்பு) என்று வந்தால், ஆண்தான், சந்தேகமே வேண்டாம். பயாப்ஸிக்கு எடுத்ததைத் தவிர வேறெதையும் வெட்டாமல் மூடியதும் சரியான முடிவு.

கர்ப்பப்பையாக வளரக்கூடிய முல்லேரியன் குழாய்கள் தொடக்கத்தில் எல்லாக் கருவிலும் இருக்கும். ஆண் கருவில், விரை சுரக்கும் ஏஎம்ஹெச் ஹார்மோன் 8 முதல் 10 வாரத்துக்குள் அவற்றைக் கரைத்துவிடும். அது சுரக்காவிட்டாலோ, சுரந்தும் உடல் அதை ஏற்காவிட்டாலோ குழாய்கள் தங்கிவிடும். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனுக்குக் குறைவில்லாததால் வெளித்தோற்றத்தில் எந்த மாற்றமும் தெரியாது.

ரத்தத்தில் ஏஎம்ஹெச் அளவையும் பாருங்கள். ஏறக்குறைய இல்லவே இல்லை என்று வந்தால், பெரும்பாலும் ஹார்மோன் மரபணுவில் கோளாறு. இயல்பாக இருந்தால் பெரும்பாலும் அதன் ஏற்பியில், அதாவது ஹார்மோனை உடல் வாங்கிக்கொள்ளும் இடத்தில். குரோமோசோமில் 45 எக்ஸ் (ஒய் இல்லாமல் ஒரே ஒரு எக்ஸ் உள்ள செல்கள்) கலந்து வந்தால் கதையே வேறு: விரைத் திசுவில் புற்றுநோய் அபாயம் கூடும், சிகிச்சையும் மாறும். அதனால் இந்த முடிவுகள் வராமல் அடுத்த ஆபரேஷனுக்குப் போகாதீர்கள்.

கர்ப்பப்பையை முழுசாக எடுப்பதில்தான் ஆபத்து. நூல் போன்ற விந்துக்குழாய் அதன் பக்கச் சுவரோடு ஒட்டியே ஓடுகிறது. விரைக்குப் போகும் ரத்தநாளமும் அங்கேயே. இழுத்து அறுத்தால் இரண்டும் போய்விடும். ஆகவே கர்ப்பப்பையை நடுவில் நெடுக்காகப் பிளந்து, விந்துக்குழாய் ஒட்டிய பட்டையை அப்படியே விட்டு, விரைகளைக் கீழே இறக்குவார்கள். நாளம் குட்டையாக இருந்தால் சுமார் 6 மாத இடைவெளியில் இரண்டு கட்டமாகச் செய்வதுண்டு. விரை இறக்க உகந்த வயது 6 முதல் 18 மாதம், மேலும் தள்ளிப்போடாதீர்கள்.

மிச்சத் திசுவில் புற்றுநோய் அபூர்வம். ஆனாலும் பின்னாளில் சிறுநீரில் ரத்தம் வந்தால் உடனே காட்ட வேண்டும். விரையில் அந்த அபாயம் கீழே இறக்கிய பிறகும் கொஞ்சம் இருக்கும். பருவ வயதிலிருந்து மாதம் ஒருமுறை தடவிப் பார்க்கப் பழக்குங்கள். குழந்தைப் பேறு சிலருக்கு வாய்த்திருக்கிறது, பலருக்கு இல்லை. இப்போதே எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இது பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் மரபணுக் கோளாறு. உறவுத் திருமணத்தில் வாய்ப்புக் கூடும். அதற்காக யாரும் உங்களைப் பழிக்க இடம் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு, ஆண் குழந்தையில்தான் வெளிப்படும். அண்ணன் தம்பி இருந்தால், அவர்களுக்கு விரை இறங்கியிருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள்.

வேலூர் சிஎம்சியில் குழந்தை அறுவைச் சிகிச்சைப் பிரிவும் மரபணுப் பிரிவும் இருக்கின்றன. போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஆபரேஷன் நோட்ஸ், பயாப்ஸி ஸ்லைடு, பிளாக் (மெழுகில் பதித்து வைத்த திசு) எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் விந்துக்குழாய் கண்ணில் பட்டதா என்பது நோட்ஸில் இல்லையென்றால், முதல் ஆபரேஷன் செய்தவரிடமே எழுதி வாங்குங்கள்.