அப்பாருக்கு நெபுலைசர்: ஒரு நாளில் ஆறு முறை வைக்கலாமா?

கேள்வி: என் அப்பாருக்கு 72 வயது. திருப்பூர் பக்கம் பருத்தியிலிருந்து பஞ்சு பிரிக்கும் ஜின்னிங் மில்லில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். பீடிப் பழக்கம் இன்னும் முழுவதும் விடவில்லை. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று மருத்துவர் சொன்னதால் வீட்டிலேயே நெபுலைசர் வாங்கி வைத்திருக்கிறோம். இதுவரை காலையும் மாலையும் வைத்தால் போதும். பத்து நாட்களாக ஐந்து முறை, ஆறு முறை கேட்கிறார். ‘மெஷினுக்குப் பழகிவிட்டார், குறையுங்கள்’ என்கிறார்கள் உறவினர்கள். மெஷினிலும் முன்புபோலப் புகை வருவதில்லை. மருந்து தீர அரை மணி நேரம் ஆகிறது. உப்பு நீர் தீர்ந்துவிட்டால் கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்றலாமா? பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சளி பிடித்தால் இதே மெஷினைக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா? – வாசகி, வெள்ளகோவில்.

பதில்: முதலில் உறவினர்களின் பேச்சை ஒதுக்கிவையுங்கள். நெபுலைசருக்கு யாரும் அடிமையாவதில்லை. மூச்சு முட்டும் மனிதர் மருந்து கேட்கிறார், அவ்வளவுதான். ‘பழகிவிடும்’ என்று பயந்து மருந்தைத் தள்ளிப்போட்டு, இரவெல்லாம் உட்கார்ந்தபடியே மூச்சுக்குப் போராடி, விடிந்தபின் மருத்துவமனைக்கு வரும் பெரியவர்கள் நம் பகுதியில் மிக அதிகம். இந்த ஒரு வார்த்தையால் ஏற்படும் கேடு கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் இரண்டு முறை ஆறு முறையாக மாறியதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். நோய் திடீரென்று முற்றியிருக்கலாம், அல்லது மெஷின் சரியாக வேலை செய்யாததால் மருந்து நுரையீரலுக்குப் போகாமல் இருக்கலாம். நீங்கள் சொல்லும் ‘அரை மணி நேரம்’ இரண்டாவது காரணத்தைக் காட்டுகிறது. இருந்தாலும் முதல் காரணத்தை மருத்துவர் பார்த்துத்தான் ஒதுக்க வேண்டும். மெஷினைச் சரிசெய்து இரண்டு நாள் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். இன்றோ நாளையோ அழைத்துச் செல்லுங்கள்.

வழக்கமாகத் தரப்படும் மருந்துகளில் சால்புடமால் அல்லது லெவோசால்புடமால் சில நிமிடங்களில் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தும். அதன் பலன் நான்கிலிருந்து ஆறு மணி நேரம் நிற்கும். இப்ராட்ரோப்பியம் மெதுவாகத் தொடங்கிச் சற்றுக் கூடுதலாக நிற்கும். இரண்டும் சேர்ந்த ரெஸ்ப்யூலைத்தான் (ஒரு வேளை மருந்து அடைத்த சிறு பிளாஸ்டிக் குப்பி) பெரும்பாலோர் வாங்குகிறார்கள். இவை அடைப்பைத் திறந்துவிடுமே தவிர, குழாயின் உட்சுவரில் இருக்கும் வீக்கத்தையோ தொற்றையோ ஆற்றாது. அதனால்தான் நோய் கிளம்பும்போது திறந்த குழாய் சீக்கிரமே மறுபடி அடைத்துக்கொள்கிறது. நான்கு மணி நேரம் தாங்கிய மருந்து இரண்டு மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. அப்போது தேவைப்படுவது ஏழாவது ரெஸ்ப்யூல் அல்ல. பெரும்பாலும் ஐந்து நாள் ஸ்டீராய்டு மாத்திரையும், சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியிருந்தால் ஆன்டிபயாடிக்கும் தேவைப்படும். அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்.

சில அறிகுறிகளுக்கு மருத்துவரின் நேரம் கேட்டுக் காத்திருக்கக் கூடாது. ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமை, உதடோ நகமோ நீலம் பாரித்தல், நெபுலைசர் வைத்த பிறகும் இழுப்பு குறையாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது, வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கமும் குழப்பமான பேச்சும்தான். ‘அசந்து தூங்குகிறார், தொந்தரவு செய்யாதே’ என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். அது உடலில் கரியமில வாயு தேங்குவதன் அடையாளமாக இருக்கலாம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருந்தால், இந்த நோயாளிகளுக்கு 88-லிருந்து 92 வரை இருந்தாலே பெரும்பாலும் போதுமானது என்பதை நினைவில் வையுங்கள். 97, 98 என்று காட்டவில்லையே எனப் பதற வேண்டாம். 88-க்குக் கீழே இறங்கினாலும், அவருடைய வழக்கமான அளவிலிருந்து தெளிவாகக் குறைந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இதே காரணத்தால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தால் அதன் குழாயை நெபுலைசர் கிண்ணத்தில் நீங்களாகச் சொருகாதீர்கள். புகை வருமளவுக்கு ஆக்சிஜனைத் திறந்துவிட்டால் இந்த நோயாளிகளில் சிலருக்குக் கரியமில வாயு ஏறிவிடும். வீட்டில் காற்றில் ஓடும் மெஷினே பாதுகாப்பானது. மூக்கில் ஆக்சிஜன் வைத்திருப்பவர் என்றால், மருத்துவர் சொன்ன அதே அளவில் அது மூக்கிலேயே இருக்கட்டும்; மருந்து வாய் வழியாகப் போகட்டும்.

இனி மெஷினுக்கு வருவோம். பெட்டிக்குள் இருக்கும் கம்ப்ரசர் காற்றை அழுத்தி, கிண்ணத்தின் அடியிலுள்ள ஊசிமுனை அளவுத் துளை வழியாகப் பீச்சுகிறது. அந்த வேகத்தில் மருந்து நீர் சிதறிப் பனிபோல் மாறுகிறது. துளிகள் ஒன்றிலிருந்து ஐந்து மைக்ரான் அளவுக்குள் இருந்தால்தான் நுரையீரலின் சிறு குழாய்கள் வரை போகும். பெரிய துளிகள் வாயிலும் தொண்டையிலும் படிந்து வீணாகிவிடும். ஆகவே துளையில் காய்ந்த மருந்து அடைத்துக்கொண்டாலோ, காற்றின் அழுத்தம் குறைந்தாலோ, நேரம் கூடுவதோடு துளியின் தரமும் கெடுகிறது. 2.5 மில்லி மருந்தும் சிறிது உப்பு நீரும் பத்து நிமிடங்களில், மிஞ்சினால் பதினைந்து நிமிடங்களில் முடிய வேண்டும்.

பழுதைத் தேட மெக்கானிக் வேண்டாம். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சிறிய மூடி இருக்கும். அதைத் திறந்தால் வட்டமான வெள்ளைப் பஞ்சு வடிகட்டி தெரியும். உங்கள் ஊரில் அது வெள்ளையாக இருந்தால் எனக்கு ஆச்சரியம்தான். வெள்ளகோவில், பல்லடம், சோமனூர் பக்கம் தறிக்கூடத்துக்கு ஒட்டிய வீடுகளில் பறக்கும் பஞ்சுத் துகளும், ஆடிக் காற்றில் வரும் மண் தூசியும் அதைச் சீக்கிரமே சாம்பல் நிறமாக்கிவிடும். நிறம் மாறினால் கழுவி மாட்டாமல் புதிதாக மாற்றுங்கள். அடுத்து, குழாயின் இரு முனைகளும் இறுக்கமாக இருக்கின்றனவா, எங்காவது விரிசல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால் கிண்ணத்தை மாற்றுங்கள். மருந்துக் கடையில் ‘நெபுலைசர் கிட்’ என்று கேட்டால் கிண்ணம், குழாய், மாஸ்க் எல்லாம் சேர்ந்தே கிடைக்கும். பெரும்பாலான கிண்ணங்கள் ஆண்டுக்கணக்கில் உழைக்கும்படி செய்யப்பட்டவை அல்ல. புதுக் கிண்ணத்திலும் புகை தளர்ந்தே வந்தால்தான் கம்ப்ரசரைச் சந்தேகிக்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் என் பதில் ஒரே சொல்: கூடாது. கொதிக்க வைத்தாலும், கேன் தண்ணீர் ஆனாலும் கூடாது. உப்பில்லாத நீர்த்துளி மூச்சுக்குழாயை எரிச்சலூட்டிச் சுருங்க வைக்கும். திறக்க வேண்டிய குழாயை நாமே மூடியதாகிவிடும். 0.9 சதவீத ஸ்டெரைல் சலைன், அதாவது கிருமி நீக்கிய உப்பு நீர் மட்டுமே சேர்க்க வேண்டும். அதையும் சிறிய குப்பிகளாக வாங்குங்கள். நரம்பில் ஏற்றும் பெரிய சலைன் பாட்டிலில் ஊசி குத்தி, வாரக்கணக்கில் ஜன்னல் ஓரத்தில் வைத்து எடுப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். அதில் கிருமி வளரும். சலைன் இல்லாத நாளில், ரெஸ்ப்யூலில் 2.5 மில்லி முழுதாக இருந்தால் அதை மட்டுமே ஊற்றி வைக்கலாம். தைலம், யூகலிப்டஸ் எண்ணெய், கற்பூரவல்லிச் சாறு எதுவும் அந்தக் கிண்ணத்தில் விழக் கூடாது. ஆவி பிடிப்பது வேறு, இது வேறு.

வைக்கும் முறையில் எனக்குப் பிடிவாதமான கருத்து ஒன்று உண்டு. கை நடுங்காத, நினைவு தெளிவாக உள்ள பெரியவருக்கு மாஸ்க்கைவிட வாயில் கவ்வும் மவுத்பீஸ் மேல். மாஸ்க் முகத்தில் சரியாக உட்காராவிட்டால் மருந்தில் ஒரு பங்கு கண்ணுக்குப் போகும். இப்ராட்ரோப்பியம் கண்ணில் பட்டால் பார்வை மங்கலாம். கண் அழுத்த நோய் உள்ளவருக்கு அது ஆபத்து. அப்பாரை நிமிர்ந்து உட்கார வையுங்கள், கட்டிலில் சாய்ந்தபடி வேண்டாம். கிண்ணம் செங்குத்தாக இருக்கட்டும். சாதாரணமாக மூச்சு விட்டு, இடையிடையே ஓர் ஆழ்ந்த மூச்சு எடுத்தால் போதும். புகை விட்டுவிட்டு வரத் தொடங்கினால் கிண்ணத்தை லேசாகத் தட்டுங்கள். அதன்பிறகும் அடியில் கொஞ்சம் தங்கும், அது இயல்புதான். புடசொனைடு என்ற ஸ்டீராய்டு மருந்து வைத்தால் முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், மாஸ்க் என்றால் முகமும் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் வாயில் பூஞ்சை வரும். கை நடுக்கமும் படபடப்பும் சிறிது நேரம் இருக்கலாம். நெஞ்சு வலித்தாலோ துடிப்பு தாறுமாறாக ஓடினாலோ நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். புராஸ்டேட் தொல்லை இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்; இப்ராட்ரோப்பியம் சிறுநீரை அடைக்கக்கூடும். அவர் ஏற்கெனவே அதே வகை மருந்தான டியோட்ரோப்பியம் இன்ஹேலர் எடுப்பவராக இருந்தால் அந்தச் சிக்கல் இன்னும் கூடும்.

சுத்தம் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல மனம் வரவில்லை. ஈரமான கிண்ணத்தில் சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் எளிதில் குடியேறும். ஏற்கெனவே சேதமான நுரையீரலுக்குள் அவற்றை நாமே புகையாக்கி அனுப்பினால், வந்த நோயைவிட வரவழைத்த நோய் பெரிதாகிவிடும். ஒவ்வொரு முறையும் மீந்த மருந்தைக் கொட்டிவிட்டுக் கிண்ணத்தையும் மவுத்பீஸையும் அலசி, உதறி, சுத்தமான துணியில் கவிழ்த்து உலர விடுங்கள். முந்தானையால் துடைக்க வேண்டாம். நாளுக்கு ஒரு முறை வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். கிருமி நீக்க, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, கையேடு அனுமதித்தால் ஐந்து நிமிடம் கொதிக்க வையுங்கள். இல்லையென்றால் ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, கொதித்து ஆறிய நீரில் அலசுங்கள். காற்றுக் குழாயைக் கழுவாதீர்கள். உள்ளே ஈரம் தெரிந்தால் கிண்ணத்தைக் கழற்றிவிட்டு மெஷினைச் சில நிமிடம் ஓட விட்டால் காய்ந்துவிடும். மெஷினைத் தறிக்கூடத்திலோ வெந்நீர் அடுப்பருகிலோ வைக்காதீர்கள். தென்னை மட்டை எரியும் புகையை அந்தக் கம்ப்ரசரும் உறிஞ்சும், அப்பாரும் உறிஞ்சுவார்.

பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு உங்கள் கிண்ணமும் மருந்தும் வேண்டவே வேண்டாம். குழந்தைக்கு மருந்தின் வகையும் அளவும் வேறு. வெறும் சளி பிடித்த குழந்தைக்கு நெபுலைசரே பெரும்பாலும் தேவைப்படாது.

நெபுலைசர்தான் பெரிய வைத்தியம், இன்ஹேலர் சின்னது என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக இருக்கிறது. அது சரியல்ல. ஸ்பேசர் (மருந்தைத் தேக்கித் தரும் பிளாஸ்டிக் கூடு) மாட்டிச் சரியாக எடுத்த இன்ஹேலர் பெரும்பாலோருக்கு நெபுலைசருக்கு இணையான பலன் தரும். கரண்ட் வேண்டாம், பழனிக்கோ கல்யாண வீட்டுக்கோ பையில் போட்டு எடுத்துப் போகலாம். இழுத்து மூச்சு எடுக்க இயலாதவர்கள், கை ஒத்துழைக்காதவர்கள் ஆகியோருக்குத்தான் மெஷின் உண்மையிலேயே மேல். நீண்ட நேரம் வேலை செய்யும் இன்ஹேலரைத் தினமும் எடுத்து, நெபுலைசரை முட்டும்போது மட்டும் பயன்படுத்துவதுதான் பலருக்கு ஏற்ற ஏற்பாடு. அப்பாருக்கு அப்படி ஒன்று எழுதித் தரப்பட்டதா, அதை மெஷின் வந்தபின் நிறுத்திவிட்டாரா என்று கேட்டுப் பாருங்கள். பீடியையும் இதோடு சேர்த்தே பேச வேண்டும். அவர் புகைக்கும்வரை இந்த மருந்துகள் எல்லாம் பாதி வேலைதான் செய்யும். நிக்கோட்டின் சூயிங்கம் முதல் மாத்திரை வரை உதவி உண்டு, அதட்டுவதில் பயனில்லை.

பருத்தித் தூசியால் வரும் நுரையீரல் நோய் சட்டப்படி தொழில்வழி நோய்களின் பட்டியலில் இருக்கிறது. விடுமுறை முடிந்து வேலைக்குப் போன முதல் நாளில் நெஞ்சு இறுகும் என்று அப்பாரு சொன்னதுண்டா என்று நினைவுபடுத்துங்கள். மருத்துவருக்கு அது முக்கியமான தகவல். அவர் ஓய்வு வயதில் வேலையை விடும்வரை குறைந்தது 5 ஆண்டுகள் இஎஸ்ஐ என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் இருந்திருந்தால், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டித் தனக்கும் மனைவிக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். கோவை சிங்காநல்லூரில் இஎஸ்ஐ மருத்துவமனை இருக்கிறது. பழைய அட்டையைத் தேடிப் பாருங்கள்.

மருத்துவரிடம் போகும்போது இந்தப் பத்து நாட்களில் எந்தெந்த நேரத்தில் நெபுலைசர் வைத்தீர்கள், சளியின் நிறம் என்ன, காய்ச்சல் இருந்ததா என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எல்லா மருந்துகளையும், இன்ஹேலரையும், அந்தக் கிண்ணத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அவற்றை எப்படி எடுக்கிறார் என்பதை அப்பாரே மருத்துவர் முன்னால் செய்து காட்டட்டும். ஃப்ளூ, நியூமோகாக்கல் தடுப்பூசிகளைப் பற்றியும் அப்போதே கேட்டுவிடுங்கள்.