கேள்வி பதில்: முத்திரை வைத்த பிறகும் மூட்டைக்குள் கை

கேள்வி: கல்லூரி ஆய்வக சர்வரில் கீக்ஸ் (லினக்ஸில் மென்பொருளை நிறுவிப் பராமரிக்கும் கருவி) போட்டிருக்கிறோம். மாணவர் யாருக்கும் சூடோ (நிர்வாகி அதிகாரம்) கிடையாது, பில்ட் (மூல நிரலிலிருந்து மென்பொருளை உருவாக்கும் வேலை) எல்லாம் சாண்ட்பாக்ஸ் என்ற தனி அடைப்புக்குள்தான். 2024 மார்ச்சில் வெளியான சிவிஇ-2024-27297 என்ற பாதுகாப்பு ஓட்டை எங்களையும் பாதிக்குமா? கீக்ஸின் டீமனை (பின்னணியில் ஓடும் நிரலை) அப்டேட் செய்து ரொம்ப நாளாகிறது.

பதில்: டீமன் அந்த மார்ச்சுக்கு முந்தையது என்றால் பாதிக்கும். பலர் லாகின் செய்யும் உங்களுடையது மாதிரி சர்வர்தான் இதில் முதல் இலக்கு, அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

கீக்ஸில் சாதாரணப் பயனரும் பில்ட் கேட்கலாம், பொதுவாக ரூட்டாக, அதாவது முழு அதிகாரத்தோடு, ஓடும் டீமன் அதைச் செய்து கொடுக்கும். சாண்ட்பாக்ஸுக்குள் நெட் கிடையாது. ஆனால் மூல நிரலை இறக்கும் வேலைக்கு நெட் வேண்டுமே, அதற்கு மட்டும் சர்வரின் நெட்வொர்க்கையே திறந்து விடுகிறார்கள். வரவேண்டிய கோப்பின் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை மாதிரியான அடையாளம்) முன்பே தெரியும், மாறினால் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கைதான். சிக்கல் என்னவென்றால், ஓடும் நிரல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள லினக்ஸில் அப்ஸ்ட்ராக்ட் சாக்கெட் என்று ஒன்று உண்டு, டிஸ்க்கில் அதற்குக் கோப்பே இருக்காது, நெட்வொர்க் பொதுவாக இருந்தால் அதுவும் பொது. அதன் வழியாக உள்ளே ஓடும் பில்ட், வெளியே காத்திருக்கும் கூட்டாளி ப்ராசஸுக்கு, எழுதுவதற்காகத் திறந்து வைத்த கோப்பின் டிஸ்க்ரிப்டரையே, அதாவது அந்தக் கோப்பின் கைப்பிடியையே, கைமாற்றி விடலாம்.

டீமன் ஹாஷைப் பார்க்கும், சரியாக இருக்கும், கோப்பை எழுத முடியாதபடி பூட்டி, ஸ்டோர் என்ற கீக்ஸின் கிடங்கில் சேர்க்கும். லினக்ஸ் அனுமதியைச் சோதிப்பது கோப்பைத் திறக்கும்போதுதான். ஏற்கெனவே திறந்து வைத்திருப்பவர் கையை அந்தப் பூட்டு தடுக்காது. எடை போட்டு முத்திரை வைத்த மூட்டைக்குள் இன்னும் ஒரு கை இருக்கிற மாதிரி. அப்புறம் நீங்கள் சிஸ்டத்தை அப்டேட் செய்யும்போது, அந்தக் கூட்டாளி திருத்திய நிரல் கம்பைல் ஆகி உங்கள் ரூட் அதிகாரத்திலேயே ஓடும்.

கீக்ஸ் டீமன், நிக்ஸ் என்ற இதே மாதிரி கருவியின் டீமனிலிருந்து பிரிந்து வந்தது, அதனால் நிக்ஸிலும் இதே ஓட்டை இருந்தது. திருத்தம் எளிமையானது, எனக்கு ரொம்பப் பிடித்தது: பில்ட் முடிந்ததும் கோப்பைப் புதிதாக நகல் எடுத்து, நகலைத்தான் சரிபார்த்து ஸ்டோரில் வைக்கிறார்கள். கூட்டாளி கையில் மிஞ்சுவது பழைய கோப்பு.

ரூட்டாக ‘கீக்ஸ் புல்’ என்ற அப்டேட் கட்டளையை ஓடவிட்டு, டீமனைக் கட்டாயம் ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதை விட்டால் பழைய டீமனேதான் ஓடிக்கொண்டிருக்கும்.

கேள்வி: ஏற்கெனவே யாராவது கை வைத்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ‘கீக்ஸ் ஜிசி’ கட்டளையில் ‘வெரிஃபை’ விருப்பத்துக்கு ‘கன்டென்ட்ஸ்’ என்று கொடுங்கள். பதிவான ஹாஷோடு ஸ்டோரில் உள்ள ஒவ்வொன்றையும் ஒப்பிட்டு, பொருந்தாததைக் காட்டும். நேரம் பிடிக்கும், ராத்திரியில் ஓடவிடுங்கள்.