மேலிருந்து கொட்டும் ரவையா, நேரே வரும் ரவையா?

கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: டெக்சாஸில் வேலை பார்க்கும் மகன் செப்டம்பரில் நண்பர்களோடு புறா வேட்டைக்குப் போனான். சூரியகாந்திக் காட்டின் எதிர் ஓரத்தில் நின்றவர்கள் சுட்டபோது அவன் தொப்பியிலும் தோளிலும் ரவை, அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் பொடி உலோக உருண்டைகள், பொலபொலவென்று விழுந்ததாம். "கூட இருந்தவர்கள் இது சகஜம் என்கிறார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. உயிருக்கு ஆபத்து இல்லையா?"

அம்மா, அப்படி மேலிருந்து விழும் ரவை உயிரை எடுக்காது. புறாவுக்குப் போடும் ஏழரை, எட்டாம் நம்பர் தோட்டாவில் ஒரு ரவையின் குறுக்களவு இரண்டரை மில்லிமீட்டருக்கும் குறைவு. எடை ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நொடிக்கு 350 மீட்டருக்கு மேல் வேகத்தில் கிளம்பினாலும் இவ்வளவு பொடியான உருண்டையைக் காற்று சீக்கிரமே அடக்கிவிடும். உயரே போய்க் கீழே வரும்போது நொடிக்குச் சுமார் 25 மீட்டர்தான் இருக்கும். சுருக்கென்று வலிக்கும், தோலைத் துளைக்காது. எவ்வளவு ஏற்றிப் பிடித்துச் சுட்டாலும் சுமார் 200 மீட்டரில் விழுந்துவிடும்.

கண்ணுக்கு இந்த ஆறுதல் பொருந்தாது. வேட்டையில் எல்லோரும் அண்ணாந்துதான் நிற்பார்கள். ஆகவே பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அவன் காட்டுக்குள் இறங்கக் கூடாது.

நீங்கள் உண்மையில் பயப்பட வேண்டியது தாழப் பறக்கும் பறவைக்கு. அதைத் துரத்தித் துப்பாக்கி திரும்பும்போது குழல் மனிதர் நிற்கும் மட்டத்துக்கு வந்துவிடுகிறது. 2006 பிப்ரவரியில் அதே டெக்சாஸில் காடை வேட்டையின்போது, அன்றைய அமெரிக்கத் துணை அதிபர் டிக் செனி பறவையைத் தொடர்ந்து திரும்பிச் சுட்டதில், சுமார் 30 கஜ தூரத்தில் நின்ற வேட்டைத் தோழர் ஹாரி விட்டிங்டனின் முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் ரவை பாய்ந்தது. ஒரு ரவை இதயம்வரை போய், லேசான மாரடைப்பே வந்தது. தூரத்திலேயே கண்ணில் படும் ஆரஞ்சு நிற உடைதான் அவர் அணிந்திருந்தார். அதே பொடி ரவைதான், நேராக வந்தது.

மகனிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: பறவைக்குப் பின்னால் வெறும் வானம் தெரிந்தால் மட்டுமே சுட வேண்டும், செடியோ மரமோ தெரிந்தால் விட்டுவிட வேண்டும். யார் எங்கே நிற்கிறார், யார் எந்தப் பக்கம் சுடலாம் என்று முதல் தோட்டாவுக்கு முன்பே பேசி முடிக்க வேண்டும். விழுந்த புறாவை எடுக்கப் போகும்போது குரல் கொடுத்துவிட்டு, எல்லோரும் துப்பாக்கியைத் தாழ்த்திய பிறகே போகட்டும். ஆளுயரச் சூரியகாந்திக்குள் மனிதர் தெரியமாட்டார். பாதுகாப்பு வகுப்பு முடித்தானா என்றும் கேளுங்கள். 1971 செப்டம்பர் 2 முதல் பிறந்தவர்களுக்கு டெக்சாஸில் அது கட்டாயம்.

இந்தக் கணக்கை நம்மூர்ப் பன்றிச் சூட்டுக்குப் போட்டுவிடாதீர்கள். காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை 2022இல் கேரள அரசு பஞ்சாயத்துத் தலைவர்களுக்குக் கொடுத்தது. பெரிய மிருகத்துக்குப் போடும் எல்.ஜி. தோட்டாவின் குண்டு ஒன்பது மில்லிமீட்டர். அரை கிலோமீட்டரும் தாண்டும். சுடுகிறவர்கள் வந்தால் வீட்டுக்குள் இருங்கள். மணிப்புறா, கொக்கு சுடுவது இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதும் மகனுக்குத் தெரிந்திருக்கட்டும்.

கண்ணில் ரவை பட்டால் கசக்கவோ அழுத்தவோ கழுவவோ கூடாது. காகிதக் கப் ஒன்றைக் கண்ணில் படாமல் மேலே கவிழ்த்து ஒட்டி, உடனே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரும்பு ரவையும் புழக்கத்தில் இருப்பதால், எது என்று தெரியும்வரை, காந்தத்தால் இயங்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க வேண்டாம் என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.