லேப் ரிப்போர்ட்டில் கிருமி, அம்மாவுக்கோ ஒரு தொந்தரவும் இல்லை

சிறுநீர்க் கோளாறு பற்றி வந்த கடிதங்களை எல்லாம் சேர்த்து இந்த இதழில் பதில். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊர் மட்டும்.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது, சர்க்கரை உண்டு. முழு உடல் பரிசோதனையில் யூரின் கல்ச்சரில் (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ஈ.கோலை என்ற குடல் கிருமி ஒரு லட்சத்துக்கு மேல் என்று வந்துவிட்டது. எரிச்சல், காய்ச்சல் எதுவும் கிடையாது. இரண்டு முறை ஆன்டிபயாடிக் கொடுத்தும் திரும்ப எடுத்தால் அதே கிருமி. இப்போது ஊசி போடச் சொல்கிறார்கள். போடலாமா? (கரூர்)

பதில்: எரிச்சலே இல்லாதவருக்கு யூரின் கல்ச்சர் எதற்கு எடுத்தார்கள்? பேக்கேஜில் இருந்தது, எடுத்தார்கள், சிக்கல் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

அந்த 'ஒரு லட்சம்' எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் உங்கள் பயம் பாதி குறையும். சிறுநீர் பிடிக்கும்போது தோலில் இருக்கும் கிருமியும் பாட்டிலில் விழும். எது அப்படிக் கலந்தது, எது உள்ளேயே இருந்தது என்று பிரிக்க, 1950களில் பாஸ்டனில் எட்வர்ட் காஸ் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு மில்லி சிறுநீரில் ஒரு லட்சம் என்று கோடு போட்டார். கிருமி சிறுநீர்ப்பையில் இருக்கிறதா என்பதற்குத்தான் அந்தக் கோடு. அது நோய் செய்கிறதா என்று அது சொல்லாது. வயதான பெண்களுக்கு, அதுவும் சர்க்கரை இருந்தால், கிருமி சும்மா திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி வருஷக்கணக்கில் அங்கே இருப்பது சகஜம்.

சரி, விரட்டினால் நல்லதுதானே என்று கேட்பீர்கள். அதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். கனடாவில் மனிடோபாவில், சர்க்கரை உள்ள, சிறுநீரில் கிருமி இருந்தும் தொந்தரவு இல்லாத 105 பெண்களை எடுத்து, ஒரு பாதிக்கு ஆன்டிபயாடிக், மறுபாதிக்கு வெற்று மாத்திரை என்று குலுக்கல் முறையில் கொடுத்து மூன்று வருஷம் வரை கவனித்தார்கள். 2002ல் முடிவு வெளிவந்தது. நிஜமான தொற்று இரண்டு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வந்தது. மருந்து சாப்பிட்டவர்கள் ஆன்டிபயாடிக் விழுங்கிய நாட்கள்தான் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. இத்தாலியில் இன்னொரு ஆய்வு, அடிக்கடி தொற்று வரும் இளம்பெண்களிடம்: தொந்தரவு இல்லாத கிருமிக்கு மருந்து கொடுத்தவர்களுக்குத்தான் பின்னால் தொற்று அதிகம் வந்தது. அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர்கள் சங்கத்தின் 2019 வழிகாட்டி, தொந்தரவு இல்லாத கிருமியைத் தேடிப் பிடித்து மருந்து கொடுக்கச் சொல்வது முக்கியமாக இரண்டு பேருக்குத்தான்: கர்ப்பிணிகள், சிறுநீர்ப் பாதையில் ரத்தக்கசிவு ஏற்படக்கூடிய சிகிச்சைக்குப் போகிறவர்கள். உங்கள் அம்மா இரண்டிலும் இல்லை. ஊசி எதற்காக என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். "ரிப்போர்ட்டில் இருக்கிறது" என்பது மட்டும் காரணமானால் இன்னொரு டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். குளிர் காய்ச்சல், விலாவில் வலி, புதிதாக எரிச்சல் என்று ஏதாவது வந்தால் கதையே வேறு, அன்றைக்கே போக வேண்டும்.

சாம்பிள் கொடுக்கிற விதமும் கவனிக்க வேண்டியது. தண்ணீரில் கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். பிடித்த பாட்டில் இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும், முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும். விடியற்காலை பிடித்ததை ஸ்கூட்டர் டிக்கியில் போட்டுக்கொண்டு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, பேங்க் வேலையையும் முடித்துக்கொண்டு பதினோரு மணிக்குக் கொடுத்தால், சித்திரை வெயிலில் அந்த டிக்கியே கிருமிப் பண்ணைதான்.

கேள்வி: ஜவுளிக்கடையில் சேல்ஸ் வேலை. வருஷத்துக்கு நாலைந்து தடவை நீர்க்கடுப்பு வருகிறது. டாய்லெட் மூன்றாவது மாடியில், சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்பதால் தண்ணீரே குடிப்பதில்லை. கிரான்பெர்ரி மாத்திரை போடலாமா? (சென்னை)

பதில்: உங்களைப் போன்றவர்களை வைத்தே ஒரு ஆய்வு நடந்திருக்கிறது, பல்கேரியாவில். வருஷத்துக்கு மூன்று தடவையாவது தொற்று வந்த, நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடிக்கிற 140 பெண்கள். பாதிப்பேரை வழக்கமாகக் குடிப்பதற்கு மேல் ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடிக்க வைத்தார்கள், மீதிப்பேரை அப்படியே விட்டார்கள். ஒரு வருஷத்தில் கூடுதலாகக் குடித்தவர்களுக்குச் சராசரியாக 1.7 தடவை தொற்று, மற்றவர்களுக்கு 3.2. பணம் கொடுத்தது டனோன் கம்பெனி. பாட்டில் தண்ணீர் விற்கிறவன் தண்ணீர் குடிக்காதே என்றா சொல்வான் என்று நானும்தான் நினைத்தேன், ஆனால் குலுக்கல் முறையில் பிரித்து ஒழுங்காகச் செய்த ஆய்வு அது, தவிர குழாய்த் தண்ணீரா பாட்டில் தண்ணீரா என்று சிறுநீர்ப்பைக்குத் தெரியாது. ஏற்கெனவே இரண்டு மூன்று லிட்டர் குடிக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு இன்னும் ஒன்றரை லிட்டர் ஏற்ற வேண்டாம். இதயம், கிட்னி பலவீனம் இருப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.

கிரான்பெர்ரி என்ற வெளிநாட்டுப் பழத்தின் விஷயத்தில் ஆராய்ச்சியாளர்களே மனம் மாறினார்கள். 2012ல் எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த காக்ரேன் குழு பெரிய பலன் இல்லை என்றது. புது ஆய்வுகளையும் சேர்த்து 2023ல் திரும்பப் பார்த்தபோது, 50 ஆய்வுகள், 8,857 பேர், அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்கு நாலில் ஒரு பங்கு குறைகிறது என்று வந்தது. கர்ப்பிணிகளுக்கும் முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்கும் பலன் தெரியவில்லை. வந்துவிட்ட தொற்றை அது குணமாக்காது, வராமல் தடுப்பதற்கு மட்டும். களாக்காய் தின்றால் அதே பலன் என்று சொல்வதை நம்ப வேண்டாம், அது வேறு செடி. இப்போது டி-மேனோஸ் என்று ஒரு பவுடர் ஆன்லைனில் நல்ல விலைக்கு ஓடுகிறது. இங்கிலாந்தில் 598 பெண்களிடம் சோதித்து 2024ல் வெளியிட்டார்கள்: அதைச் சாப்பிட்டவர்களில் 51 சதவீதம் பேர் தொற்றோடு மறுபடி டாக்டரிடம் போனார்கள், வெற்றுப் பவுடர் சாப்பிட்டவர்களில் 55.7. அந்தப் பணத்துக்கு வேறு ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் வந்துகொண்டே இருந்தால் மெத்தெனமைன் என்ற பழைய மருந்தைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். சிறுநீரில் கிருமிநாசினியாக மாறும், ஆன்டிபயாடிக் கிடையாது. இங்கிலாந்தில் 240 பெண்களிடம் தினசரி ஆன்டிபயாடிக்கோடு ஒப்பிட்டு 2022ல் வெளியிட்டார்கள்: வருஷத்துக்கு ஆன்டிபயாடிக் தரப்பில் 0.89 தொற்று, இதில் 1.38. கொஞ்சம் கூடத்தான், ஆனாலும் பரவாயில்லை என்கிற அளவு.

அப்புறம் அந்த மூன்றாவது மாடி. ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021ல் தமிழக அரசு கடைகள் சட்டத்தையே திருத்தியது. ஒன்றுக்குப் போவதற்கு அனுமதி கேட்க வைக்கிற கடைக்காரரிடம் நாலைந்து பேராகச் சேர்ந்து பேசுங்கள். இதற்கு மாத்திரை கிடையாது.

கேள்வி: பார்லித் தண்ணீரும் இளநீரும் குடித்தால் தானாகப் போய்விடும், டாக்டர் எதற்கு என்கிறார் மாமியார். (தேனி)

பதில்: மாமியார் சொல்வதில் முக்கால்வாசி சரி. ஜெர்மனியில் சாதாரண நீர்க்கடுப்போடு வந்த 494 பெண்களில் பாதிப்பேருக்கு ஆன்டிபயாடிக், பாதிப்பேருக்கு வெறும் ஐபுப்ரோஃபென் வலி மாத்திரை கொடுத்தார்கள். வலி மாத்திரை சாப்பிட்டவர்களில் மூன்றில் இரண்டு பேர் ஆன்டிபயாடிக் இல்லாமலே குணமானார்கள். ஆனால் எரிச்சல் கூடுதல் நாள் இருந்தது, கிட்னி வரை தொற்று ஏறியவர்கள் அந்தப் பக்கம் 5 பேர், ஆன்டிபயாடிக் பக்கம் ஒருவர். ஆக, வேறு நோய் இல்லாத, கர்ப்பமாக இல்லாத பெண் ஓரிரு நாள் பார்லித் தண்ணீர் குடித்துப் பார்ப்பதில் தப்பில்லை. காய்ச்சல், வாந்தி, முதுகு வலி என்றால் பார்லியை அடுப்பிலேயே விட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஆண்கள், குழந்தைகள், கர்ப்பிணிகள், சர்க்கரை இருப்பவர்கள் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள்.

கேள்வி: உயிர் போகிற எரிச்சல், ஆனால் கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை என்கிறார்கள். டாக்டர் மனப்பிரமை என்கிறார். எனக்கு 28 வயது. (மதுரை)

பதில்: முதல் கேள்விக்கு நேர் எதிர்க் கேள்வி இது. எரிச்சலோடு வரும் பெண்ணுக்கு அந்த ஒரு லட்சக் கோடு பொருந்தாது என்று 1982லேயே ஸ்டாம் என்பவரின் குழு அமெரிக்காவில் காட்டிவிட்டது. நூறு இருந்தாலே போதும் என்றார்கள். 2013ல் இன்னொரு குழு சாதாரணமாகப் பிடித்த சிறுநீரையும் டியூப் போட்டு எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. ஈ.கோலை பத்து, இருபது என்று இருந்தாலும் பெரும்பாலும் அது சிறுநீர்ப்பைக்குள்ளும் இருந்தது. பல லேப்களில் அந்தக் குறைந்த எண்ணிக்கையை எழுதவே மாட்டார்கள். டெஸ்டுக்கு முன்னால் ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரை போட்டிருந்தாலும் எதுவும் வளராமல் போகலாம், அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். பஸ் செல்ஸ் (சீழ் அணுக்கள்) நிறைய இருந்து கல்ச்சர் திரும்பத் திரும்ப வெறுமையாக வந்தால், கல், கிளமிடியா போன்ற பாலியல் தொற்று, நம் நாட்டில் காசநோய், மூன்றையும் பார்க்காமல் விடக் கூடாது. காசநோய்க் கிருமி வழக்கமான கல்ச்சரில் வளராது, தனியாகக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். மனப்பிரமை கடைசியில் வரட்டும்.

கேள்வி: மாதவிடாய் நின்று எட்டு வருஷம். அதற்கப்புறம்தான் அடிக்கடி தொற்று. ஏன்? (திருநெல்வேலி)

பதில்: ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்ததும் பிறப்புறுப்பில் நல்ல கிருமிகள் குறைந்து, குடலில் இருந்து வரும் ஈ.கோலை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இஸ்ரேலில் 93 பெண்களிடம் ஈஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரோஜன் வகைக் கிரீமை உள்ளே தடவச் சொல்லிப் பார்த்தார்கள், முடிவு 1993ல் வந்தது. கிரீம் தடவியவர்களுக்கு வருஷத்துக்கு 0.5 தொற்று, வெற்றுக் கிரீம் தடவியவர்களுக்கு 5.9. இவ்வளவு வித்தியாசம் ஆராய்ச்சிகளில் அபூர்வம். முப்பது வருஷம் ஆகியும் நம் ஊரில் இதை எழுதிக்கொடுக்கிறவர்கள் குறைவு, கேட்கக் கூச்சப்படுகிறவர்களும் அதிகம். மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர் என்றால் அதை முதலில் சொல்லுங்கள்.

கேள்வி: 6 மி.மீ. கல். பால், தயிர், தக்காளி எல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். வாழைத்தண்டு சாறும் ஒரு மாத்திரையும் ஓடுகிறது. (தூத்துக்குடி)

பதில்: பாலை நிறுத்தியது தவறு. இத்தாலியில் பார்மாவில் அடிக்கடி கால்சியம் கல் வந்த 120 ஆண்களில் பாதிப்பேரைக் கால்சியம் குறைத்துச் சாப்பிடச் சொன்னார்கள். மீதிப்பேருக்குக் கால்சியத்தைக் குறைக்கவில்லை, உப்பையும் இறைச்சியையும்தான் குறைத்தார்கள். ஐந்து வருஷத்தில் கால்சியம் குறைத்த 60 பேரில் 23 பேருக்குத் திரும்பக் கல் வந்தது, மற்ற 60ல் 12 பேருக்கு. சாப்பாட்டில் கால்சியம் இருந்தால் அது, கல்லாக மாறக்கூடிய ஆக்சலேட் என்ற பொருளைக் குடலிலேயே பிடித்து வெளியே தள்ளிவிடும். இல்லாவிட்டால் அந்த ஆக்சலேட் சிறுநீருக்குப் போய்க் கல்லாகும். தயிர்சாதத்தைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், கூட வைக்கிற ஊறுகாயையும் கருவாட்டையும் குறையுங்கள்.

மாத்திரை, சிறுநீர்க்குழாயைத் தளர்த்திக் கல் இறங்க வழிவிடும் டாம்சுலோசினாகத்தான் இருக்கும். இங்கிலாந்தில் ஆயிரத்துச் சொச்சம் பேரிடம் சோதித்ததில் மாத்திரை போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் நூற்றுக்கு 80 பேருக்கு மேற்கொண்டு சிகிச்சை தேவைப்படவில்லை, வித்தியாசமே இல்லை. சீனாவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்தபோது, சிறுநீர்க்குழாயின் அடிப்பகுதியில் 5 மி.மீ.க்கு மேல் இருக்கும் கற்களுக்குப் பலன் தெரிந்தது. உங்கள் கல் எங்கே நிற்கிறது என்று ஸ்கேனில் பாருங்கள். கிட்னிக்குள்ளேயே இருந்தால் இந்த மாத்திரைக்கு வேலை இல்லை. வாழைத்தண்டு சாறு பிடித்தால் குடியுங்கள், அதோடு போகும் தண்ணீராவது உபயோகம்.

கேள்வி: மருத்துவக் கல்லூரியில் புது மருந்து ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். சோதனை எலி ஆக்கிவிடுவார்களா? (கோவை)

பதில்: மேலே சொன்ன எண்கள் எல்லாம் உங்களைப் போல யாரோ சரி என்று சொன்னதால் வந்தவைதான். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு சேர வேண்டியதில்லை. இந்தியாவில் 2009ல் இருந்து மருந்து ஆய்வுகளைச் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவு செய்தாக வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி இணையத்தில் நீங்களே பார்க்கலாம். நெறிமுறைக் குழு அனுமதி இருக்கிறதா, வெற்று மாத்திரை கிடைக்க வாய்ப்பு உண்டா, உண்டென்றால் நோய் முற்றாமல் எப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்று கேளுங்கள். ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை தர வேண்டும் என்று 2019 விதிகளில் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதற்காக வழக்கமான வைத்தியத்தை நிறுத்த முடியாது. சம்மதப் படிவம் தமிழில் இருக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், தயங்கினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: போன தடவை மீந்த நாலு மாத்திரை இருக்கிறது. இந்தத் தடவைக்குப் போடலாமா? (விழுப்புரம்)

பதில்: கூடாது. பெரும்பாலும் அது சிப்ரோஃப்ளாக்சசின் வகையாக இருக்கும், நம் ஊர் ஈ.கோலையில் பாதிக்கு மேல் அதற்கு அசைவதில்லை. போன தடவை எப்படி நாலு மீந்தது என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.