பால்டிமோர் ஓரியோல்ஸ் பீட் அலோன்சோவை 15.5 கோடி டாலருக்கு எடுத்தது சரியா? மறுபடியும் கிறிஸ் டேவிஸ் கதையா?

2025 டிசம்பரில் அமெரிக்க பேஸ்பால் அணியான ஓரியோல்ஸ், மெட்ஸ் அணியில் ஃபர்ஸ்ட் பேஸ் (ஹிட்டர் ஓடிச் சேர வேண்டிய முதல் முனை) காத்துவந்த பீட் அலோன்சோவுக்கு 5 ஆண்டு, 15.5 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. ஆண்டுக்கு 3.1 கோடி. அதற்கு முந்தைய சீசனில் 75 வெற்றி, 87 தோல்வியோடு பிரிவில் கடைசி இடத்தில் முடித்த அணி அது. பாதி ரசிகர்கள் ‘ஒருவழியாகப் பர்ஸைத் திறந்தார்களே’ என்று குதிக்கிறார்கள். மீதிப் பேருக்கு டேவிஸ் ஞாபகம். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது.

என் பதில்: முதல் மூன்று ஆண்டுக்கு டேவிஸ் பயம் தேவையில்லை. கடைசி இரண்டு ஆண்டைப் பற்றிப் பயப்படலாம், தப்பில்லை. ஆனால் உண்மையான தலைவலி அலோன்சோவின் மட்டையில் இல்லை. அவர் நிற்கப்போகும் இடத்தில் இருக்கிறது.

டேவிஸ் விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. அவர் ஓரியோல்ஸின் பழைய ஹிட்டர் (மட்டை பிடிப்பவர்). 2013-ல் 53 ஹோம் ரன் (பந்தைச் சுவருக்கு அப்பால் அடிப்பது), 2015-ல் 47. 2016 ஜனவரியில் 7 ஆண்டு, 16.1 கோடி டாலர். மொத்தத் தொகையில் அலோன்சோவின் ஒப்பந்தம்கூட அதைத் தாண்டவில்லை. 2018-ல் அவருடைய சராசரி (அட்-பேட் எனும் மட்டை வாய்ப்புகளில் ஹிட் ஆனவற்றின் விகிதம்) .168. அந்த செப்டம்பரில் ஆரம்பித்து 2019 ஏப்ரல் 13 வரை, 54 அட்-பேட்டில் ஒரு ஹிட்கூட (அடித்துவிட்டு பேஸில் பத்திரமாக ஏறுவது) இல்லை. 2021 ஆகஸ்டில் ஓய்வு பெற்றார். ஆனால் பணம் ஓய்வு பெறவில்லை. 4.2 கோடியை வட்டியில்லாமல் பிறகு தருகிறோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள்: 2023 முதல் 2032 வரை ஆண்டுக்கு 35 லட்சம், அதன்பின் 2037 வரை 14 லட்சம். அதாவது 2030-ல் அலோன்சோவின் ஒப்பந்தம் முடிந்த பிறகும் டேவிஸுக்குத் தவணை போய்க்கொண்டிருக்கும்.

ஐபிஎல் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தச் சண்டையின் சூடு புரியாமல் போகலாம். அங்கே ஒரு சீசன் சொதப்பினால் அடுத்த ஏலத்துக்கு முன் விடுவித்துவிடலாம். மேஜர் லீக் (அமெரிக்க பேஸ்பாலின் உச்ச லீக்) ஒப்பந்தம் அப்படி இல்லை. ஆள் ஆடினாலும் ஆடாவிட்டாலும், அணியை விட்டே அனுப்பினாலும், எழுதிய தொகையைக் கொடுத்தே ஆக வேண்டும். அதனால் ‘எவ்வளவு’ என்பதைவிட ‘எத்தனை ஆண்டு’ என்ற கேள்விதான் அணியைக் கடிக்கும். டேவிஸுக்கு 30 வயதில் தொடங்கி 7 ஆண்டு கொடுத்தார்கள். அலோன்சோ 31 வயதில் தொடங்கினாலும் 5 ஆண்டோடு நிற்கிறது. அந்த இரண்டு ஆண்டுக் குறைப்பு ரொம்பப் பெரிய விஷயம்.

அடுத்தது ஸ்ட்ரைக் அவுட், அதாவது மூன்று ஸ்ட்ரைக் விழுந்து அவுட் ஆவது. ‘இரண்டு பேருமே காற்றில் சுற்றுகிற ஆட்கள்’ என்கிறார்கள். கணக்கு வேறு சொல்கிறது. டேவிஸ் கையெழுத்துப் போடுவதற்கு முந்தைய 2015-ல், அவருடைய நல்ல ஆண்டிலேயே, 670 முறை மட்டை பிடித்து 208 தடவை ஸ்ட்ரைக் அவுட். 31 சதவீதம். அதற்கும் முந்தைய 2014-ல் சராசரி .196. எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டேதான் இருந்தது. 2017-ல் அந்த 31, 37 ஆனது. அலோன்சோ 2025-ல் 709 முறைக்கு 162 தடவை, 23 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. 23-ல் இருக்கிற ஆள் வயதாகி 28-க்குப் போனாலும் பிழைத்துக்கொள்வார். 31-லிருந்து ஏறினால் தரையே இல்லை.

எதிர்த்தரப்பில் ஒரு நல்ல வாதமும் இருக்கிறது: அலோன்சோவின் 2025 (.272, 38 ஹோம் ரன், 126 ஆர்பிஐ, அதாவது அவர் மட்டையால் அணிக்கு வந்த ஓட்டங்கள்) ஒப்பந்தத்துக்காக வந்த ஆண்டு, 2023-லும் 2024-லும் இருந்தவர்தான் நிஜமான ஆள் என்பது. 2023-ல் 46 ஹோம் ரன் அடித்தும் சராசரி .217, 2024-ல் 34 ஹோம் ரன், ஓபிஎஸ் (பேஸில் ஏறும் விகிதத்தையும் அடியின் பலத்தையும் கூட்டிய எண்) .788. அதனால்தான் அந்தக் குளிர்காலத்தில் நீண்ட ஒப்பந்தம் கிடைக்காமல், 2025 பிப்ரவரியில் மெட்ஸிடமே 2 ஆண்டு, 5.4 கோடிக்குத் திரும்பினார். முதல் ஆண்டோடு விலகிக்கொள்ளும் உரிமை அதில் இருந்தது, அதைப் பயன்படுத்தித்தான் வெளியே வந்தார்.

2025-ஐ அதிர்ஷ்டம் என்று தள்ள முடியாது என்பது என் கருத்து. மட்டையை விட்டுப் பந்து கிளம்பும் சராசரி வேகம் 2024-ல் மணிக்கு சுமார் 90 மைல், 2025-ல் 93-க்கு மேல். ஃபீல்டர்கள் தவறவிட்டு விழுந்த ஹிட்களால் இந்த எண் ஏறாது. பந்தை நிஜமாகவே பலமாக அடித்தால்தான் ஏறும். 2020-ன் குறும் சீசனை விட்டுவிட்டால் எந்த ஆண்டும் 150 ஆட்டத்துக்குக் கீழே ஆடியதில்லை; 2024, 2025 இரண்டிலும் 162-க்கு 162.

ஆனால் இன்னொரு ஹோம் ரன் ஹிட்டரான கைல் ஷ்வார்பரோடு ஒப்பிட்டால் ஒரு ஓட்டை தெரியும். அதே வாரம் பிலடெல்பியா அவரை 5 ஆண்டு, 15 கோடிக்குத் தக்கவைத்தது. ஷ்வார்பர் 2023-ல் அடித்த சராசரி .197, ஆனால் 126 வாக் (நான்கு தவறான வீச்சுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஃபர்ஸ்ட் பேஸ்) வாங்கியதால் பேஸில் ஏறிய விகிதம் .343. ஹிட் வறண்டுபோனாலும் குழாயில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. அலோன்சோ 2025-ல் வாங்கிய வாக் 61 மட்டும். மட்டை மந்தமானால் தாங்கிப்பிடிக்க வேறு கம்பு கிடையாது. 2029, 2030 பற்றிப் பயப்படுகிறவர்கள் சுட்டிக்காட்ட வேண்டிய எண் இதுதான். ஸ்ட்ரைக் அவுட் அல்ல.

ஆர்பிஐயைத் தூக்கிப் பிடிப்பவர்கள் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம். 126 ஆர்பிஐ வந்த ஆண்டில் அவருக்கு முன்னால் மட்டை பிடித்த ஹுவான் சோட்டோ 127 வாக் வாங்கினார். முன்னால் ஆள் பேஸில் நின்றால்தான் பின்னால் வருபவர் அடித்து அவரை ஓட்டம் எடுக்க வைக்க முடியும். பால்டிமோரில் குன்னார் ஹெண்டர்சனும் ஜாக்சன் ஹாலிடேயும் அந்த அளவுக்கு பேஸில் ஏறாவிட்டால், அதே 38 ஹோம் ரன்னுக்கு ஆர்பிஐ 100-ஐத் தொடுவதே பாடு. அப்போது ‘சரிந்துவிட்டார்’ என்று கிளம்புவார்கள். தப்பு.

மைதானம் அவருக்குச் சாதகம். ஓரியோல்ஸின் சொந்த மைதானமான கேம்டன் யார்ட்ஸின் இடதுபக்கச் சுவரை 2022-ல் அதிகபட்சமாக 26 அடிக்கு மேல் பின்னே தள்ளி, உயரத்தை 13 அடி ஆக்கினார்கள். வலது கை ஹிட்டர்களின் ஹோம் ரன்கள் அங்கே பிடிபட்ட பந்துகளாயின. 2025-க்கு முன் சுவரை மறுபடி உள்ளே இழுத்து, உயரத்தை 7-8 அடிக்குக் குறைத்தார்கள். அலோன்சோ வலது கை, இடதுபக்கம் இழுத்து அடிப்பவர். இடது கை ஹிட்டர்கள் நிறைந்து, இடது கை பிட்ச்சர் (பந்து வீசுபவர்) வந்தாலே திணறிய வரிசைக்கு இப்படி ஒருவர் தேவைதான்.

இப்போது தலைவலிக்கு வருகிறேன். 2025 ஆகஸ்டில் ஓரியோல்ஸ் சாமுவேல் பசாயோவோடு 8 ஆண்டு, 6.7 கோடி ஒப்பந்தம் போட்டது. அவர் கேட்ச்சர் (ஹிட்டருக்குப் பின்னால் பந்து பிடிப்பவர்), ஃபர்ஸ்ட் பேஸும் ஆடுவார். ஆனால் கேட்ச்சர் இடத்தில் ஏற்கெனவே அட்லி ரட்ச்மன் இருக்கிறார். ரட்ச்மன் கேட்ச் பிடிக்கும் நாளில் பசாயோ ஃபர்ஸ்ட் பேஸ் அல்லது டிஹெச் (ஃபீல்டிங் இல்லாமல் மட்டை மட்டும் பிடிப்பவர்). அலோன்சோ 160 ஆட்டம் ஃபர்ஸ்ட் பேஸில் நின்றால் பசாயோவுக்கு டிஹெச் மட்டுமே மிச்சம். ஃபர்ஸ்ட் பேஸ் ஆடிய ரயன் மவுன்ட்கேசலுக்கும் கோபி மேயோவுக்கும் நாற்காலி இல்லை. இன்றைக்கு இது சமாளிக்கக்கூடியது. 2029-ல் அலோன்சோவுக்கு 34 வயது, கால் ஓடாது, அவரையும் டிஹெச்சில் உட்கார வைக்க வேண்டும். அப்போது ஒரே நாற்காலிக்கு இரண்டு பெரிய ஒப்பந்தங்கள்.

அவருடைய ஃபீல்டிங் இப்போதே சராசரிக்குக் கீழே. தாழ்வாக வரும் எறிதல்களை அள்ளி எடுப்பதில் கெட்டிக்காரர். பக்கவாட்டில் நகர்வதும் எறிவதும்தான் பலவீனம். பந்து ஃபர்ஸ்ட் பேஸ்மனிடம் வந்தால் பிட்ச்சர் ஓடிப்போய் பேஸைத் தொட வேண்டும், ஓடுகிற பிட்ச்சரின் மார்புக்கு நேராக ஃபர்ஸ்ட் பேஸ்மன் பந்தை மெதுவாகப் போட வேண்டும். 2025 ஜூனில் மெட்ஸ் ஆட்டத்தில் அலோன்சோவின் எறிதல் உயரப் போக, அதைப் பிடிக்க எம்பிய கோடாய் செங்காவுக்குத் தொடைத் தசை இழுத்துக்கொண்டது. அணியின் சிறந்த பிட்ச்சர்களில் ஒருவர் காயப்பட்டியலுக்குப் போனார்.

‘இந்தக் காசில் பிட்ச்சர் வாங்கியிருக்கலாமே’ என்பது நியாயமான குறை. ஓரியோல்ஸ் பிட்ச்சர் கார்பின் பர்ன்ஸ் 2024 டிசம்பரில் 6 ஆண்டு, 21 கோடிக்கு அரிசோனா போனபோது பால்டிமோர் ரசிகர்கள் கொதித்தார்கள். அதே பர்ன்ஸுக்கு 2025 ஜூனில் முழங்கை அறுவைச் சிகிச்சை. பிட்ச்சர் ஒப்பந்தம் என்றால் பயம் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்னொரு சின்ன லாபம்: அலோன்சோ தகுதிச் சலுகையை (பழைய அணி தரும் ஓராண்டு ஒப்பந்த அழைப்பு; அதை மறுத்தவரை எடுக்கும் புது அணி டிராஃப்டில், அதாவது இளம் வீரர் தேர்வில், வாய்ப்பை இழக்கும்) 2024-லேயே ஒருமுறை பெற்றுவிட்டதால் மறுமுறை அதைக் கொடுக்க முடியாது. அதனால் அவரை எடுத்ததற்கு ஓரியோல்ஸ் டிராஃப்ட் தேர்வு எதையும் இழக்கவில்லை. ஷ்வார்பரை இழுத்திருந்தால் இழந்திருக்கும்.

சரிவு வருகிறதா என்று முன்கூட்டியே பார்க்க நினைப்பவர்கள் சராசரியைப் பார்க்க வேண்டாம், ஃபவுல் பந்துகளைப் (ஆட்டக் கோட்டுக்கு வெளியே போகும் அடிகளை) பாருங்கள். வலது கை ஹிட்டருக்கு 96 மைல் ஃபாஸ்ட்பால் மேலே வரும்போது, ஃபவுல் நேர் பின்னால் வலையில் போய் மோதினால் நேரம் சரியாக இருக்கிறது, உயரத்தில்தான் மயிரிழை தவறு. வாரக்கணக்கில் ஃபவுல்கள் ஃபர்ஸ்ட் பேஸ் பக்கத்து இருக்கைகளில் போய் விழுந்தால் மட்டை தாமதமாக வருகிறது. அதைச் சரிகட்ட ஹிட்டர் முன்கூட்டியே சுழற்றத் தொடங்குவார். உடனே பிட்ச்சர்கள் வெளிப்பக்கம் தாழ்வாக ஸ்லைடர் (கடைசியில் விலகிப்போகும் பந்து) போடுவார்கள், தரையில் விழுகிற பந்துக்கும் மட்டை போகும். இந்த இரண்டும் ஒரே மாதத்தில் சேர்ந்து தெரிந்தால், அன்றைக்கு வந்து டேவிஸ் பெயரை எடுங்கள்.