முகம் தெரியாத மாப்பிள்ளை: ரீஜென்சி காதல் கதைகளில் லாஜிக் இருக்கிறதா?

ரீஜென்சி கதைகளில், அதாவது 1811 முதல் 1820 வரையிலான இங்கிலாந்தில் நடக்கும் காதல் கதைகளில், பெரியவர்கள் பேசி முடித்த மாப்பிள்ளையே வேறு பேரில் வந்து அந்தப் பெண்ணிடம் பழகுகிறான், அவளுக்குத் தெரியவே இல்லை, இது நம்பும்படியாகவா இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நம்பலாம். மோசமாக எழுதப்பட்ட ஒன்று உங்கள் கையில் சிக்கியிருக்கும், அதற்காக மொத்த வகையையும் தள்ளிவிடாதீர்கள்.

இந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைக்கக் காரணம் இருக்கிறது. கிட்டத்தட்ட இதே கதையை நான் ஒரு தொடர்கதைப் போட்டிக்கு எழுதினேன். வாட்டர்லூ போர் முடிந்து ஊர் திரும்பும் ஒரு பிரபுவின் மகன், தனக்குப் பேசி வைத்த பெண் எப்படிப்பட்டவள் என்று பார்க்க அவள் அப்பாவின் பண்ணையில் பொய்ப் பேரில் கணக்கு எழுதச் சேர்கிறான். நடுவர் எழுதிய குறிப்பு ஒரே வரி: "நிச்சயித்த மாப்பிள்ளையின் முகம்கூடவா தெரியாது?"

எப்படித் தெரியும்? புகைப்படம் என்ற ஒன்றே உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது 1839-ல். அதற்கு முன்னால் உள்ளங்கை அளவு ஓவியம்தான், அதுவும் காசு கொடுக்கிறவர் மனம் கோணாமல் வரைந்தது. அந்தக் காலத்துக்குப் பேர் வரக் காரணமான ரீஜென்ட், அதாவது ராஜாவுக்குப் பதிலாக ஆட்சி செய்த இளவரசர், ஜார்ஜையே எடுத்துக்கொள்ளுங்கள். 1795 ஏப்ரல் 8-ல் அவருக்கும் பிரன்ஸ்விக் இளவரசி கரோலினுக்கும் கல்யாணம். இருவரும் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டது அதற்கு மூன்றே நாள் முன்னால்! பார்த்ததும் அவர் பிராந்தி கேட்டார் என்று கூட இருந்த மாம்ஸ்பரி பிரபு எழுதி வைத்திருக்கிறார். ஆறு லட்சம் பவுண்டுக்கு மேல் இருந்த கடன் அடைய வேண்டும் என்பதற்காக ஒத்துக்கொண்ட கல்யாணம் அது. அதற்குப் பத்து வருஷம் முன்பே, 1785-ல், மரியா ஃபிட்ஸ்ஹெர்பர்ட் என்ற கத்தோலிக்க விதவையை அவர் ரகசியமாக மணந்திருந்தார். ராஜாவின் அனுமதி இல்லாததால் சட்டப்படி அது செல்லாது. அப்படி ஒரு கல்யாணம் நடக்கவே இல்லை என்று 1787-ல் நாடாளுமன்றத்திலேயே சொல்ல வைத்தார்கள். அரண்மனையிலேயே இவ்வளவு மறைக்க முடிந்தது, என் கதாநாயகன் கொஞ்ச காலம் பேரை மறைத்தால் மட்டும் லாஜிக் இல்லையாம்.

சரி, நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பொய்ப் பேரிலேயே கல்யாணம் வரை போக முடியுமா? நான் வக்கீல் இல்லை, ஆனால் இந்தக் கதைக்காக உட்கார்ந்து படித்திருக்கிறேன். 1754-ல் அமலுக்கு வந்த சட்டப்படி இங்கிலாந்தில் கல்யாணத்துக்கு இரண்டு வழி. ஒன்று, நம் ஊர் சர்ச்சில் செய்வது போலவே மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பது, அதாவது மணமக்கள் பேரை எல்லார் முன்னாலும் அறிவிப்பது. இன்னொன்று, பிஷப்பிடம் லைசென்ஸ். ஏமாற்றுவதற்காக ஓலையில் பொய்ப் பேர் கொடுத்தால் கல்யாணமே செல்லாது. லைசென்ஸ் என்றால் பொய்ப் பேர் என்பதற்காக மட்டும் கல்யாணம் ரத்தாகாது என்று 1815-லேயே ஒரு தீர்ப்பு வந்தது. ஆனால் பெண்ணுக்கு 21 வயது ஆகவில்லை என்றால் லைசென்சுக்கு அப்பா சம்மதம் வேண்டும்.

என் கதாநாயகிக்கு இருபது வயது. கணக்கெழுதுகிறவனுக்கு அப்பா சம்மதிக்க மாட்டார். அதனால் இருவரும் லண்டனுக்கு ஓடுகிறார்கள், அங்கே பெரிய பங்கு (ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட பகுதி), கூட்டத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். கல்யாணம் செல்ல வேண்டுமே என்று அவன் ஓலைக்கு உண்மைப் பேரைக் கொடுத்துவிடுகிறான், அவளிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் வாசிக்கும்போது, யாரிடமிருந்து தப்பி ஓடி வந்தாளோ அவன் பேர் தன் பேரோடு சேர்ந்து அவள் காதில் விழுகிறது. அந்த அத்தியாயத்தை நான் எழுதிய விதத்தில் இன்றைக்கும் எனக்குப் பெருமைதான். நடுவருக்கு அது "சர்ச் காட்சி நீளம்".

காதல் கதை தானே, இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் கீழே வந்து எழுதுவீர்கள், தெரியும். ஒரே கிராமத்தில் ஐந்து கொலை நடக்கும் துப்பறியும் கதையிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. பெண்கள் விரும்பிப் படிக்கிற வகை என்றால் மட்டும் படிக்காமலேயே தீர்ப்பு. அட்டை போடுகிறவர்களும் அப்படித்தான். ரீஜென்சி கவுனுக்கு இடுப்பு மார்புக்குக் கீழேயே வந்துவிடும், பாவாடை நேராக விழும். என் கதைக்குப் போட்ட அட்டையில் அந்தப் பெண் 1860-களின் வளையம் வைத்த குடைப் பாவாடையில் நிற்கிறாள். மாற்றச் சொல்லிக் கேட்டேன், "யாருக்குங்க தெரியப் போகுது" என்றார்கள். படிக்கிறவர்களுக்கு நன்றாகவே தெரியும். முதல் பின்னூட்டமே அதைப் பற்றித்தான் வந்தது.